சி.எஸ்.ஐ.யிலிருந்து ஆர்.சி.க்கு: சேர நினைப்பவர் செய்ய வேண்டியவை, சிக்கும் இடங்கள்

ஊரில் "ஆர்.சி.க்கு மாறிட்டான்" என்பார்கள். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம். ஆனால் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையிலோ லுத்தரன் சபையிலோ முறையாக ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கிலும் ஏற்கெனவே கிறிஸ்தவர்தான். அதனால் அவரைச் சேர்ப்பதை அங்கே மதமாற்றம் என்று சொல்வதில்லை, "முழு ஒன்றிப்பில் ஏற்றல்" என்கிறார்கள். அரசிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை, பெயர் மாற்ற வேண்டியதில்லை, மறுபடி தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. சடங்கு, பூசைக்கு நடுவே பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் எத்தனை மாதம் ஆகும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு காகிதங்கள்: ஞானஸ்நானச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும். மாதா, பாப்பரசர், உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தோர் தூய்மையடையும் நிலை) என்று வருடக்கணக்கில் படித்துத் தெளிந்தவர்கள்கூட இந்தக் காகிதங்களிடம் வந்துதான் நிற்கிறார்கள். ஆகவே படிப்பையும் காகிதத்தையும் சேர்த்தே தொடங்குங்கள்.

கல்யாணத்துக்காக மட்டும் என்றால்

பெண்ணோ மாப்பிள்ளையோ ஆர்.சி. என்பதற்காகச் சேர வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சேராமலே கோயிலில் கல்யாணம் செய்யலாம். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற பிற சபையாரை மணக்கக் கத்தோலிக்க ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதி போதும் (திருச்சபைச் சட்டம் 1124). கத்தோலிக்கத் தரப்பினர் தன் விசுவாசத்தைக் கைவிட மாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு உங்களுக்குத் தெரிவிக்கப்படும், நீங்கள் கையெழுத்திட்டு மாற வேண்டியதில்லை. மாமனார் வீட்டு நெருக்கடிக்காகச் சேர்ந்தவர் முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தின்போது தடுமாறுவார்.

கல்லூரி இடத்துக்காக வருகிறவர்களும் உண்டு. ஜூன் மாதம் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் தேவைப்படும் நேரத்தில் போய் "சேர விரும்புகிறேன்" என்றால் பங்குத்தந்தை (உள்ளூர்ச் சாமியார்) சிரிப்பார். அவர் அதைப் பலமுறை பார்த்தவர்.

முதல் மூன்று மாதம்: பேசாமல் பூசைக்குப் போங்கள்

யாரிடமும் சொல்லாமல், ஞாயிறு பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வாரநாள் பூசைக்கும் ஓரிரு முறை போங்கள். பாட்டும் அறிவிப்பும் இல்லாத அரை மணி நேரப் பூசையில்தான் வழிபாட்டின் எலும்புக்கூடு தெரியும். சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனை முறை தெரிந்தவருக்குப் பாவ அறிக்கை, வாசகங்கள், விசுவாசப் பிரமாணம், காணிக்கை என்ற வரிசை அந்நியமாக இருக்காது. சொற்கள்தான் அந்நியம்.

அதில் முதல் தடுக்கல் "ஆயர்". உங்கள் சபையில் ஆயர் என்றால் உள்ளூர்ப் போதகர், பேராயர் என்றால் பிஷப். கத்தோலிக்கத்தில் ஆயர்தான் பிஷப், பேராயர் ஆர்ச்பிஷப். உள்ளூர்ச் சாமியார் பங்குத்தந்தை. "எங்கள் ஆயரிடம் கேட்டுவிட்டேன்" என்று சொன்னால், பிஷப்பையே பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். கர்த்தர் இங்கே ஆண்டவர், பரிசுத்த ஆவி தூய ஆவி, லெந்து நாட்கள் தவக்காலம், திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) உறுதிப்பூசுதல். பழைய தலைமுறையிடம் பேசும்போது இன்னொரு அடுக்கு வரும்: இராயப்பர் என்றால் பேதுரு, சின்னப்பர் என்றால் பவுல், அருளப்பர் என்றால் யோவான், சூசையப்பர் என்றால் யோசேப்பு.

இரண்டாவது தடுக்கல் கர்த்தர் கற்பித்த ஜெபம். சொற்கள் வேறு என்பதை முதல் வரியிலேயே கண்டுகொள்வீர்கள். "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" இங்கே "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" ஆகிவிடும். ஆபத்து கடைசியில்தான். பூசையில் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், ஆமென் கூட இல்லை. அங்கே குருவானவர் தனியாக ஒரு மன்றாட்டுச் சொல்வார். அது முடிந்த பிறகுதான் ஆட்சியும் வல்லமையும் மாட்சியும் இறைவனுக்கே என்ற வரி வரும். பழக்கதோஷத்தில் "ராஜ்யமும் வல்லமையும்" என்று நீங்கள் ஒருவர் மட்டும் உரக்கத் தொடர்ந்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். சிறு விஷயம்தான், ஆனால் முதல் நாளே இப்படி ஆகி வெட்கப்பட்டு அடுத்த ஞாயிறு வராமல் போனவர்கள் உண்டு.

நற்கருணைக்கு (உங்கள் சபையின் திருவிருந்துபோல் அப்பம் வாங்க) எழுந்து போகாதீர்கள். சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் பெற்றவர் என்ற தகுதி இங்கே செல்லாது. உட்கார்ந்த இடத்திலேயே ஜெபித்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பங்குத்தந்தையைப் பார்ப்பது

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வாசலில் பிடிக்காதீர்கள். மந்திரிக்கச் சொல்லி நிற்கும் பைக், திருமண ஓலை கொடுக்க வந்த குடும்பம், அன்பியக் (தெருவாரியான குடும்பக் குழு) கூட்டத் தேதி என்று அவரைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள். வாரநாளில் மாலைப் பூசைக்குப் பிறகு பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய பங்குதான் உங்கள் பங்கு. பக்கத்து ஊர்ச் சாமியார் நன்றாகப் பிரசங்கிக்கிறார் என்பதற்காக அங்கே போனால், கடைசியில் இங்கேயே திருப்பி அனுப்புவார்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கேள்வி கூடுதல். அங்கே கோட்டாறு, குழித்துறை என்று இரு இலத்தீன் மறைமாவட்டங்கள் (ஓர் ஆயரின் எல்லை) உண்டு. மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை, தக்கலையில் சீரோ மலபார் என்ற கீழை மரபுச் சபைகள். எல்லாமே கத்தோலிக்கம்தான், பாப்பரசரோடு ஒன்றியவைதான். வழிபாட்டு முறையும் சட்டமும் வேறு. எந்தச் சபையின் உறுப்பினராகப் பதிவாகிறோம் என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் விஷயம் உரோமைவரை போக வேண்டியிருக்கும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ் இருந்தால் அது, திருமணச் சான்றிதழ், ஆதார் நகல், பிள்ளைகள் இருந்தால் அவர்களின் ஞானஸ்நானச் சான்றிதழ்கள். துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்.

ஞானஸ்நானம்: செல்லுமா, செல்லாதா

பார்க்கப்படுவது மூன்று: தண்ணீர், "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்ற வார்த்தை, திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்ற நோக்கம். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் எஸ்.ஐ.யு.சி. என்னும் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து உருவான சி.எஸ்.ஐ.யின் ஞானஸ்நானம் செல்லும். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையினுடையதும் செல்லும். குழந்தையில் பெற்றதா, பெரியவரான பிறகா, தெளித்தார்களா, முக்கினார்களா என்பது பொருட்டில்லை.

சிக்கல் வரும் இடங்கள் வேறு. இரட்சணிய சேனையில் தண்ணீர் ஞானஸ்நானம் கிடையாது. நாகர்கோவில் பக்கம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் என்று வருகிறவர் இதைக் கேட்டு அதிர்ந்துபோவார். ஆனால் அவர் திருமுழுக்கே பெறாதவர் என்பதால் அவருடைய பாதை வேறு: திருமுழுக்குக்கான தயாரிப்பில் சேர்ந்து, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவார். "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லி முக்கும் பெந்தெகொஸ்தே சபைகளில் பெற்றவருக்கும் இதே நிலைதான். மூவொரு வார்த்தை இல்லாததால் அது செல்லாது.

அடிக்கடி வருவது இன்னொரு வகை. குழந்தையில் சி.எஸ்.ஐ.யில் தண்ணீர் தெளிக்கப்பட்டவர், இருபது வயதில் ஏதோ ஒரு சுயாதீன சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருப்பார். அவர் அந்த இரண்டாவதன் சான்றிதழைத்தான் பெருமையாக எடுத்து வருவார். திருச்சபை எண்ணுவது முதலாவதை. பிறந்த ஊர் சேகரத்துக்கு (சி.எஸ்.ஐ. போதகரின் வட்டாரம்) எழுதி அந்தப் பதிவை வாங்குங்கள். ஏடு கரையான் அரித்துப்போயிருந்தால் பயப்பட வேண்டாம்: நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சி போதும் என்கிறது சட்டம் 876. பெரியவரான பிறகு பெற்றவர் என்றால் அவருடைய சத்தியப் பிரமாணமே போதும். அம்மாவோ ஞானத்தாயோ உயிரோடு இருக்கும்போதே அந்தக் கையெழுத்தை வாங்கி வையுங்கள்.

விசாரித்தும் உண்மையான ஐயம் தீரவில்லை என்றால் மட்டும் நிபந்தனைத் திருமுழுக்கு உண்டு. "நீ இதுவரை திருமுழுக்குப் பெறவில்லையென்றால்" என்று தொடங்கி, கூட்டமில்லாமல் அமைதியாகக் கொடுப்பார்கள். "எதற்கும் இருக்கட்டும், இன்னொரு தடவை ஊற்றிவிடுங்கள்" என்று நீங்களே கேட்காதீர்கள். சட்டம் 869 அதைத் தடுக்கிறது.

உறுதிப்பூசுதல் விஷயத்தில் நிலை நேர்மாறு. சி.எஸ்.ஐ. பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தியிருந்தாலும் இங்கே அது அருட்சாதனமாக (சாக்ரமெந்தாக) எண்ணப்படாது. 1896இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் (லியோ) ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னதன் விளைவு இது. பலருக்கு மனசு வலிக்கும் இடமும் இதுதான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் சடங்கன்று முகம் சுருங்காது.

திருமணம்: வருடக்கணக்கில் இழுப்பது

கணவன், மனைவி இருவருமே புராட்டஸ்டண்ட், இருவருக்கும் இதுவே முதல் திருமணம் என்றால் சிக்கல் எதுவும் இல்லை. உங்கள் திருமணம் செல்லும். மறுபடி தாலி கட்ட வேண்டாம். இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதால் அது அருட்சாதனமும்கூட. ஒருவர் மட்டும் கத்தோலிக்கராகி மற்றவர் சி.எஸ்.ஐ.யிலேயே தொடர்ந்தாலும் அந்தத் திருமணத்துக்கு ஒன்றும் ஆகாது.

துணைவர் பிறப்பால் ஆர்.சி.யாக இருந்து, ஆயரின் அனுமதியில்லாமல் சி.எஸ்.ஐ. ஆலயத்திலோ பதிவு அலுவலகத்திலோ கல்யாணம் நடந்திருந்தால், அந்தத் திருமணம் முறைக் குறைவால் (திருச்சபை கேட்கும் முறைப்படி நடக்காததால்) செல்லாது. இது எளிதில் சரியாகும். குருவானவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சம்மதத்தைப் புதுப்பித்தால் போதும், பெரும்பாலும் சேர்ப்புச் சடங்குக்கு முன்பே முடித்துவிடுவார்கள்.

விவாகரத்தாகி மறுமணம் செய்தவர்களுக்குத்தான் நீண்ட பாதை. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழ் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு, திருச்சபையின் பார்வையில் முதல் திருமணத்தை முறிப்பதில்லை. புராட்டஸ்டண்ட் திருமணமும் செல்லும் என்று முன்பு சொன்ன அதே மரியாதை இங்கே எதிராகத் திரும்புகிறது. மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று நிறுவ வேண்டும். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் நடைமுறையை எளிதாக்கினார். இரண்டாவது நீதிமன்றமும் அதே தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் போனது. இருந்தாலும் சாட்சிகளைத் தேடுவதில் மாதங்கள் ஓடும். உங்களுக்கு இது முதல் திருமணமாக இருந்து, துணைவருக்கு முன் திருமணம் இருந்தாலும் இதே கதைதான். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் மறைக்கல்வி முடித்து, சேர்ப்புத் தேதியும் குறித்த பிறகு இது வெளியே வந்தால் தேதி தள்ளிப்போகும், உறவினர்களுக்குக் காரணம் சொல்லும் வேலையும் உங்கள் தலையில்.

எதை நம்பியாக வேண்டும், எதை விட்டுவிடலாம்

சடங்கன்று நீங்கள் சொல்லப்போகும் வாக்கியத்தின் பொருள் இது: புனித கத்தோலிக்கத் திருச்சபை இறைவனால் வெளிப்படுத்தப்பட்டது என்று நம்பிக் கற்பித்து அறிவிக்கும் அனைத்தையும் நம்புகிறேன். "அனைத்தையும்" என்ற சொல்லில்தான் எடை இருக்கிறது. மாதா விஷயத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒதுக்கிவைத்து அதைச் சொல்லக் கூடாது.

திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 2865 பத்திகள். முழுவதையும் வரிசையாகப் படிக்கத் தொடங்கியவர்கள் இருநூறாவது பத்தியோடு மூடிவிடுகிறார்கள். புராட்டஸ்டண்டாக வளர்ந்தவருக்குத் தடையாக இருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். எந்த மொழியில் வாங்கினாலும் எண்கள் ஒன்றே: மரபும் மறைநூலும் 74 முதல், பாப்பரசரும் ஆயர்களும் 880 முதல், மரியா 963 முதல், உத்தரிக்கிற ஸ்தலம் 1030 முதல், நற்கருணை 1322 முதல், ஒப்புரவு 1422 முதல், நீதிமானாக்கப்படுதல் 1987 முதல். கடைசியானதைப் படிக்கும்போது, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக மன்றமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். "கிரியையால் இரட்சிப்பு என்பவர்கள்தானே ஆர்.சி." என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டது எவ்வளவு சரி என்று அதில் தெரியும். வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன்களும் தமிழில் மோதிக்கொண்ட காலத்து வாதங்களை இன்றைக்கும் யூடியூபில் இரு தரப்பும் அப்படியே ஒப்பிக்கிறது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வேதாகமத்தில் 66க்குப் பதில் 73 நூல்கள். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்கும்போது இணைத் திருமுறை நூல்கள் (அந்தக் கூடுதல் ஏழு) உள்ள பதிப்பா என்று புரட்டிப் பாருங்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர் இருக்க வேண்டும். இறந்தோருக்காக மன்றாடுவது எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைக் காட்டலாம். "அது எங்கள் பைபிளில் இல்லையே" என்பார்கள். விவாதம் அங்கேயே நிற்கும்.

இனி, விட்டுவிடக்கூடியவை. மாதா பாவ மாசின்றிக் கருவானார் என்ற அமல உற்பவமும் (1854இல் அறிவித்தது), உடலோடு விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற விண்ணேற்பும் (1950இல் அறிவித்தது) விசுவாசக் கோட்பாடுகள்; ஏற்றாக வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடந்துபோவது, மொட்டை, நேர்ச்சை, சப்பரம், ஒவ்வொரு செவ்வாயும் அந்தோணியார் நவநாள், பாத்திமா காட்சி எதுவும் கட்டாயம் இல்லை. ஜெபமாலை சொல்லாத கத்தோலிக்கரும் கத்தோலிக்கரே. சுரூபத்துக்கு மாலை போடுவதைப் பார்த்து உங்களுக்குக் கூசினால், போடாமல் இருங்கள். வணக்கத்துக்கும் ஆராதனைக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால் போதும். கட்டாயமானவற்றில் முக்கியமானவை: ஞாயிறு பூசை, கனமான பாவம் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை), பாஸ்கா காலத்தில் நற்கருணை, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு (18 முதல் 59 வயதுவரை), அந்த இரு நாளும் இறைச்சி தவிர்த்தல். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உட்கொள்ளக் கூடாது.

முதல் பாவசங்கீர்த்தனம்

சேர்வதற்கு முன் இதை முடிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை வரிசையில் நிற்காதீர்கள். பின்னால் பாட்டிமார் காத்திருக்க, முப்பது வருடத்தைச் சொல்லி முடிக்க முடியாது. தனியாக நேரம் கேளுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் குருவானவரிடமும் செய்யலாம்.

முழந்தாளிட்டதும், "சுவாமி, இது என் முதல் பாவசங்கீர்த்தனம். நான் சி.எஸ்.ஐ.யில் திருமுழுக்குப் பெற்றவன், திருச்சபையில் சேர இருக்கிறேன்" என்று தொடங்குங்கள். மற்றதை அவர் நடத்துவார். கனமான பாவங்களை வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை நினைவில்லை என்றால் "மாதத்துக்கு ஒருமுறை, சுமார் ஐந்து வருடம்" என்பது போதும். சூழ்நிலைக் கதையும் மற்றவர் பெயரும் வேண்டாம். காகிதத்தில் எழுதிப்போகலாம், பிறகு கொளுத்திவிடுங்கள்.

பத்துக் கட்டளையை வைத்து ஆத்தும சோதனை செய்கிறவர்கள் எண்ணைக் கவனியுங்கள். சி.எஸ்.ஐ.யில் விபசாரம் ஏழாவது, களவு எட்டாவது. கத்தோலிக்கத்தில் விபசாரம் ஆறாவது, களவு ஏழாவது. விக்கிரகக் கட்டளை முதலாவதோடு சேர்ந்துவிடும், இச்சை கடைசியில் இரண்டாகப் பிரியும். லுத்தரன்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அவர்களுடைய எண்ணும் இதுவேதான். எண்ணைச் சொல்லாமல் பாவத்தின் பெயரைச் சொல்வதே பாதுகாப்பு.

சேரும் நாள்

திருமுழுக்குப் பெற்றவர் பாஸ்கா இரவுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த ஞாயிறும் ஆகும். கத்தோலிக்கர் ஒருவர் உடன் நிற்பார். அவர் உறுதிப்பூசுதல் பெற்ற, 16 வயது நிறைந்தவராக இருக்கட்டும். பிரசங்கம் முடிந்ததும் அழைப்பார்கள். எல்லோரோடும் விசுவாசப் பிரமாணம் சொல்வீர்கள், பிறகு மேலே சொன்ன வாக்கியத்தைத் தனியாக. பழைய சபையைச் சபித்து உதறும் வாசகம் எதுவும் கிடையாது. குருவானவர் ஏற்பு வார்த்தைகளைச் சொல்லி, கிறிஸ்மா தைலத்தை நெற்றியில் பூசி உறுதிப்பூசுதல் தருவார். தன் பொறுப்பில் ஏற்கிறவருக்கு அந்த அதிகாரத்தைச் சட்டம் 883 தருகிறது, ஆயர் வர வேண்டியதில்லை. அதே பூசையில் முதல் நற்கருணை.

பொன்னாடை, பிளெக்ஸ் பேனர், "தாய்த் திருச்சபைக்குத் திரும்பியவருக்கு வரவேற்பு" என்றெல்லாம் யாராவது ஏற்பாடு செய்தால் மறுத்துவிடுங்கள். வெற்றி விழாவாகத் தோன்றக் கூடாது என்று சடங்கு நூலே சொல்கிறது. உங்கள் அப்பாவும் அம்மாவும் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்ப்பார்கள் என்பது போதுமான காரணம்.

பழைய சபையும் வீடும்

சேர்வதற்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் பழைய சபையின் ஆயரை (போதகரை) நேரில் பார்த்துச் சொல்லுங்கள். பாடகர் குழு, சேகரக் கமிட்டி, ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்புகளை எழுத்தில் ஒப்படையுங்கள், சந்தா பாக்கியைக் கட்டிவிடுங்கள். சபை நடத்தும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கிறவர் நியமன ஆணையை முதலில் எடுத்து வாசிக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. சபை அங்கத்தினருக்குத்தான் குழி என்று பல இடங்களில் விதி. பெற்றோர் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று நினைப்பவர், குடும்பக் கல்லறை உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று இப்போதே பார்க்கட்டும். குமரி மாவட்டத்தில் சாதிச் சான்றிதழையும் கவனிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அங்கே சி.எஸ்.ஐ. பெயரிலேயே ஒரு பதிவு இருப்பதால், பிள்ளைகளின் பள்ளி ஆவணத்தில் அவசரப்பட்டு எதையும் திருத்தாமல் தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சேர்ந்த பிறகு அண்ணன் மகன் திடப்படுத்தலுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ பழைய ஆலயத்துக்குப் போகலாம், பாமாலை பாடலாம். திருவிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. அதை அன்று காலை பந்தியில் நின்று விளக்குவதைவிட முந்தைய வாரமே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. ஏழு வயது நிறைந்த பிள்ளைகள் தானாக உங்களோடு சேர்ந்துவிடுவதில்லை. அவர்களிடம் தனியாகக் கேட்டு, தனியாகத் தயாரிப்பார்கள்.

சடங்கு முடிந்த வாரமே பங்கு அலுவலகத்துக்குப் போய், ஏற்புப் பதிவேட்டில் உங்கள் பெயர், சேர்ந்த நாள், பழைய ஞானஸ்நானத்தின் தேதி, இடம், உறுதிப்பூசுதல் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப் பிழையை அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். முத்திரையோடு ஒரு நகல் வாங்கி, சி.எஸ்.ஐ. சான்றிதழோடு ஒரே உறையில் வையுங்கள். பங்குத்தந்தை மாறிப்போவார், அடுத்து வருகிறவருக்கு உங்களைத் தெரியாது.